குக்கருக்குள் நான்கு சக்கரங்கள்

செவ்வாய் கிரகம், தெற்குக் கிடங்கு. உறைபனிப் பருவம், முதல் நாள். காலை 9.10

வெளி வெப்பநிலை மைனஸ் நூற்று இருபத்தொன்பது. காற்று இயந்திரம் சரி. மின்சாரம் சரி. பணியாளர் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒருவரின் உடல்நலம் அபாரம்.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவான் அறிக. எழுதுவது பூதலிங்கம். இந்தக் கிடங்கின் மேலாளர், சமையல்காரர், காவலாளி, குடிமக்கள் எல்லாம் நானே. இங்கே தேர்தல் வைத்தால் ஏகமனதாக வெல்வேன். எதிர்க்கட்சியும் நான்தான் என்பதால் கொஞ்சம் கள்ள ஓட்டு விழலாம்.

இன்றைய வேலை டயர் மாற்றுவது. கரியமில வாயு உறைந்து தரையெல்லாம் வெள்ளையாகப் படியத் தொடங்கிவிட்டது. கோடை டயரோடு அதில் ஓட்டுவது வழுக்குமரம் ஏறுவதற்குச் சமம். பனி டயர்கள் நான்கும் ரிம்மோடு, நிறைந்த காற்றோடு, மாப்பிள்ளை முறுக்கோடு சுவரில் சாய்ந்து நிற்கின்றன. என் வண்டியின் பெயர் ஐராவதம். அரசு ஆவணங்களில் வேறு ஏதோ எண் இருக்கிறது. அதை யார் மதிக்கிறார்கள்?

அதே நாள். பிற்பகல் 3.40

டயர்கள் மாற்றப்பட்டன. ஜாக்கி என் முழங்கையைக் கடித்தது. பதிலுக்கு நான் அதன் வம்சத்தையே திட்டினேன். கணக்கு நேர்.

ஒரு சிக்கல். கழற்றிய கோடைச் சக்கரம் ஒவ்வொன்றினுள்ளும், வால்வுக்கு அடியில், கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. டயரில் எத்தனை பவுண்டு காற்று என்று வண்டியின் மூளைக்கு ரேடியோவில் கோள் சொல்வதே அதன் பிழைப்பு. பனிச் சக்கரங்களில் சென்சார் கிடையாது. கோள் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஐராவதம் நடை வேகத்துக்கு மேல் போகாது. முறைப்படி பனி டயரின் காற்றை இறக்கி, ரிம்மிலிருந்து பிரித்து, சென்சாரை மாட்டி, புது வாஷர் போட்டு, திரும்பக் காற்றடைக்க வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து என் முதுகெலும்பு எட்டாக ஒடியும்.

பூதலிங்கத்தின் மூளை என்பது சாதாரண மூளையா? நான்கு சென்சார்களையும் கழற்றி என் ஐந்து லிட்டர் குக்கருக்குள் போட்டேன். விசில் வரும் துளையில் ஒரு டயர் வால்வைப் பொருத்தினேன். மூடி, இருபது பவுண்டு காற்றடித்தேன். அலுமினியத்தைத் தாண்டி ரேடியோ வராது, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசியும். அதனால் குக்கரை வண்டிக்கு வெளியே, பின்பக்க ஆண்டெனாவோடு ஒட்ட வைத்துக் கட்டினேன்.

வண்டியின் குரல்: "நான்கு டயர்களிலும் அழுத்தம் சரி. பயணத்துக்குத் தயார்."

இந்தப் பருவம் முழுக்க இப்படியே ஓட்டப் போகிறேன். வீதி வீதியாக எனக்குச் சிலை வைக்கலாம். வீதி இல்லை என்பது ஒன்றுதான் குறை.

பதினோராம் நாள். காலை 7.25

மேற்குத் துளைத்தளத்திலிருந்து அழைப்பு. அங்கே தனியாளாக இருந்து பனிக்கட்டிக்காகத் தரையைத் துளைப்பவள் பகவதி. என் அக்கா மகள். என்னை விட நான்கு மடங்கு அறிவு, பத்து மடங்கு வாய். பேச்சு பதிவாகியிருக்கிறது.

பகவதி: "மாமா, இருக்கியளா?"

நான்: "எங்க போவேன் மக்களே. பஸ்ஸு இன்னும் வரல."

பகவதி: "என் காத்து மெஷின் நின்னுட்டு. பம்ப் கருகிப் போச்சு. ஸ்பேர் உங்க கிடங்குல இருக்கு."

நான்: "கையிருப்பு எவ்வளவு?"

பகவதி: "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம். ஓடி வராண்டாம், பதனமா வாங்க."

தலைமை நிலையத்தைக் கேட்டேன். அவர்கள் வண்டி வந்து சேர நான்கு நாள் ஆகுமாம். ஐராவதம் முழு வேகத்தில் போனால் பத்தரை மணி நேரம். நடை வேகம் என்றால் மூன்று நாள்.

புறப்படுகிறேன்.

பதினோராம் நாள். காலை 8.05. வண்டியில்

ஏற்றியவை: புது பம்ப் ஒன்று. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. பம்பைப் பொருத்தி இயந்திரம் சூடாகும் வரை பகவதி மூச்சுவிட அது வேண்டும். எனக்கான சிலிண்டர் வழக்கம்போல் வண்டியின் பின்னால், கேபினுக்குக் குழாய் வழியே காற்று தருகிறது. இட்லி பன்னிரண்டு. பிளாஸ்கில் கஞ்சி.

ஐராவதம் பறக்கிறது. நான் ஓட்டும் அழகைப் பார்த்து செவ்வாயின் இரண்டு நிலாக்களும் கைதட்டியிருக்கும், கை இருந்தால்.

பிற்பகல் 1.50

வண்டியின் குரல்: "நான்கு டயர்களிலும் காற்று இல்லை. வண்டி நிறுத்தப்படுகிறது."

பிரேக் தானாகப் பூட்டிக்கொண்டது.

உடுப்பு மாட்டி இறங்கிப் பார்த்தேன். நான்கு டயரும் கல் மாதிரி நிற்கின்றன. உதைத்ததில் என் கால்தான் வலித்தது. பிறகு பின்பக்கம் போய்க் குக்கரைப் பார்த்தேன். ரப்பர் வளையம் குளிரில் விறைத்து முறுக்குக் கம்பியாகிவிட்டது. மூடியைச் சுற்றிக் காற்று போய்க்கொண்டிருக்கிறது. வளையம் தளர்ந்தால் ஃப்ரிட்ஜில் வை, இறுகிவிடும் என்பாள் என் அக்கா. இங்கே கிரகமே ஃப்ரிட்ஜ். அளவுக்கு மீறி இறுகிவிட்டது.

பூட்டிய பிரேக்கைத் திறக்கும் கருவி தலைமை நிலையத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரே வழிதான். குக்கருக்குள் மறுபடி இருபது பவுண்டு ஏற வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் எங்கே? கிடங்கில். எடை கூடும் என்று இறக்கி வைத்துவிட்டு வந்தேன். டயர்தான் நிறைந்திருக்கிறதே என்ற தெனாவட்டு.

பிற்பகல் 2.20

பகவதி: "உங்க புள்ளி மேப்புல நகரலியே. ஏன் நின்னுட்டிய?"

நான்: "சின்னச் சமையல் பிரச்சினை."

சொல்ல வேண்டியதாயிற்று.

பகவதி: "நாலையுமா? ஒரே குக்கர்லயா?"

நான்: "ஒத்துமையா இருக்கட்டும்னு பாத்தேன்."

பகவதி: "நீங்க வந்து சேருங்க மாமா. உங்கள அதே குக்கர்ல போட்டு மூணு விசில் விடுதேன்."

நான்: "பத்தாது மக்களே. முத்துன கறி. எட்டாவது வேணும்."

சிரித்தாள். சிரிப்பின் நடுவே இருமினாள். இருமல் நிற்க நேரமாயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிற்பகல் 3.05

செய்தவை. பிளாஸ்கின் கஞ்சியை மூடியின் விளிம்பைச் சுற்றி ஊற்றினேன். ஊற்றிய கை திரும்புவதற்குள் கொதித்து, உறைந்து, கல்லாகி, முக்கால்வாசிக் கசிவை அடைத்துவிட்டது. மீதி கசிகிறது. என் சிலிண்டரிலிருந்து கேபினுக்கு வரும் குழாயை வெட்டி ஒரு டீ-ஜாயிண்ட் போட்டேன். ஒரு கிளை எனக்கு, ஒரு கிளை குக்கருக்கு.

வண்டியின் குரல்: "நான்கு டயர்களிலும் அழுத்தம் சரி."

ஓடுகிறது. இனி நானும் குக்கரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம். அதற்குப் பசி என்னை விட அதிகம்.

மாலை 5.10

குலுக்கலில் கஞ்சிப் பூச்சு விரிசல் விடுகிறது. குக்கர் இப்போது என்னைப் போல் மூன்று ஆள் குடிக்கிறது. கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன். நான் கணக்கில் புலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். புலிக்கும் அதே விடைதான் வந்தது. இரண்டு பேருக்கும் இந்தச் சிலிண்டர் போதாது. குக்கருக்கு மட்டும் என்றால் தளம் வரை போகும்.

பகவதி: "மாமா, எனக்குக் கொண்டு வாற சிலிண்டர்ல இருந்து எடுத்து விடுங்க."

நான்: "அது உனக்குள்ளது."

பகவதி: "எனக்குத்தான் நாளைக்கு வரைக்கும் இருக்கே."

நான்: "மீட்டர்ல உள்ள நம்பரை வாசி."

பகவதி: "அதான் சொன்னேனே."

நான்: "வாசிட்டி."

வாசித்தாள். நாளை சாயங்காலம் இல்லை. இன்று இரவு எட்டரை. நான் கண்ணை மூடிக்கொண்டு பறந்து வந்து பள்ளத்தில் விழுந்துவிடுவேன் என்று பயந்து காலையில் பொய் சொல்லியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை 5.30

கேபினுக்கு வரும் கிளையை மூடிவிட்டேன். சிலிண்டர் முழுக்கக் குக்கருக்கு. உடுப்பில் இருந்த காற்று கசிவை அடைத்த வேலையிலேயே தீர்ந்துவிட்டது. எனக்குக் கேபினில் ஏற்கெனவே இருக்கும் காற்று. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கலாம், பழைய சோறு மாதிரி. உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்லாமலா இருப்பார்கள்.

பகவதிக்கு இதைச் சொல்லவில்லை.

மாலை 6.25

பெரிய அடி. வண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறேன், முன் இடது டயர் கூரான பாறையில் கிழிந்து, ரப்பர் துண்டு துண்டாகப் பறக்கிறது. வெறும் ரிம்மில் ஓடுகிறோம்.

வண்டியின் குரல்: "நான்கு டயர்களிலும் அழுத்தம் சரி."

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. சென்சார் அதன் இடத்தில் இருந்திருந்தால் ஐராவதம் இந்த நிமிடமே பிரேக்கைப் பூட்டியிருக்கும். அதற்கு ஒன்றும் தெரியாது. டயரே இல்லாத சக்கரத்தில் கல்யாணத்துக்குப் போகிற வேகத்தில் போகிறது. குக்கர் சொல்வதே வேதம்.

குக்கரைச் சாகவிடக் கூடாது. அவ்வளவுதான் இப்போது.

இரவு 7.10

தலை இடிக்கிறது. கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது. பேசினால் மூச்சு செலவு. ஆகவே எழுதுகிறேன். இந்தக் குறிப்பை அவள் மணிக்கட்டுத் திரைக்கும் திருப்பிவிட்டேன். இனி நான் எழுத எழுத அவள் வாசிப்பாள்.

பகவதி: "மாமா, முன்னால எழுதுனதயும் வாசிச்சேன். அஞ்சரைக்கு எழுதுனதயும். அந்தக் கிளையைத் தொறங்க."

மாட்டேன்.

பகவதி: "அப்ப என் சிலிண்டரைத் தொறங்க. கால்வாசி போதும் எனக்கு."

பம்ப் பொருத்த உனக்கு நான்கு மணி நேரம். கால்வாசியில் முடியாது. இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். சிலிண்டர் என் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கை அடிக்கடி அந்தப் பக்கம் போகிறது. அதனால் வலது கையை ஸ்டியரிங்கோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னி.

பகவதி: "பைத்தியக்கார மாமா."

ஆமாம். பதக்கம் வாங்கியவன்.

இரவு 7.40

உன் தளத்து விளக்கு தெரிகிறது. அல்லது என் கண்ணுக்குள் தெரிகிறது. இரண்டு தெரிகின்றன. நடுவில் உள்ளதை நோக்கி ஓட்டுகிறேன்.

பகவதி: "மெதுவா பேசுதேன், எனக்கும் மூச்சு முட்டுது. உடுப்பு போட்டு வாசல்ல இருக்கேன். கொஞ்சம் வலத்த திருப்புங்க. இன்னும். அப்படித்தான்."

குக்கர் பதினாறு பவுண்டு. பதினைந்து. பதினான்குக்குக் கீழே போனால் பூட்டும். சிலிண்டர் முள் தரையைத் தொட்டுவிட்டது.

ஓடு ஐராவதமே. உனக்கு ஆயிரம் கரும்பு. பொய் சொல்லவில்லை. சொல்கிறேன்தான், ஆனாலும் ஓடு.

இரவு 7.55

நின்றுவிட்டது.

வண்டியின் குரல்: "நான்கு டயர்களிலும் காற்று இல்லை."

எங்கே நின்றது தெரியவில்லை. முன்னால் வெளிச்சம்.

பகவதி: "எனக்கு வண்டி தெரியுது மாமா. பக்கந்தான். நடந்து வாறேன்."

ஓடாதே. ஓடினால் உன் காற்று. மெல்ல நட.

பகவதி: "கதவைத் தொறங்க."

முடியவில்லை மக்களே. கட்டிய கை அவிழவில்லை. எழுந்தால் தரை வருகிறது.

வெளியிலிருந்தும் திறக்கும். சிவப்புப் பிடி. இடப்பக்கம். உள்ளே தள்ளித் திருகு. நடு அறையில் காற்று நிறைய அரை நிமிடம். அதன் பிறகு உள்கதவு.

பகவதி: "பிடிய பிடிச்சிட்டேன். நீங்க தூங்கப் பிடாது. ஏதாவது எழுதுங்க. எதையாவது எழுதுங்க மாமா."

சிலிண்டர் என் கால்பக்கம். முழுசு. முள்ளைப் பார், நான் தொடவில்லை. முதலில் உன் முகத்தில் வை. பிறகு பம்ப். பம்ப் பின்சீட்டில் நீலப் போர்வைக்கு அடியி

முதலில் உனக்கு. அதற்கப்புறந்தான் என் பக்கம் திரும்பிப் பா