கடற்கரையில் தோண்டிய ஊற்று

கொழும்பு
1931, ஆடி 12

அன்புள்ள கனகத்துக்கு உன் புருஷன் முனிரத்தினம் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

நேற்றுத் தோல் கிடங்குக்கு லீவு. என்னோடு வேலை செய்கிற வாணியம்பாடி கவுஸ் மியானும் நானும் ரயிலேறித் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போனோம். கண்ணுக்கு எட்டினமட்டும் தென்னையும் நீலத் தண்ணியும்தான். அத்தனை அழகு! ஆனால் குளிக்க முடியாது. இறங்கினால் கடல் ஆளை உள்ளே இழுத்துவிடுமாம். சிவப்புத் துணி கட்டிக் கம்பு நட்டிருக்கிறார்கள். பயப்படாதே, நான் கால்கூட நனைக்கவில்லை.

வெயிலில் தாகம் ஜாஸ்தியாகிவிட்டது. பாலாற்றுக்காரனுக்குத் தண்ணிக்கா பஞ்சம் என்று கொட்டாங்கச்சியால் அலையோரமே ஊற்று தோண்டினேன். வாயில் வைத்தால் ஒரே உப்பு.

"இன்னா முனிரத்தினம், உங்க வீட்ல இதத்தான் குடிக்கிறீங்களா?" என்று மியான் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு மேலே தென்னை மரத்தடியில் தோண்டினேன். பாலாற்று மணலில் நீ தினமும் செய்கிறாப்போல முதல் தண்ணியை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தேன். தெளிந்து ஊறியது பார், தித்திப்பு! இரண்டு பேரும் வயிறு முட்டக் குடித்தோம்.

யாராவது இங்கே வந்தால் ஆவாரம்பூப் பொடி கொடுத்தனுப்பு. சோப்புக்குத் தோல் வாடை போகவில்லை. படித்தவர் யாரிடமாவது சொல்லி நாலு வரி பதிலும் எழுதி அனுப்பு.

கிடங்கு மணி அடித்துவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும் கனகம். குந்தி உட்கார்ந்து இரண்டே ஊற்று தோண்டினதுக்கு இன்றைக்கு என்னால் காலை மடக்க முடியவில்லை. உன் முட்டிவலி எங்கிருந்து வந்ததென்று கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. பொங்கலுக்கு வருகிறேன். குடத்தை நான் எடுக்கிறேன், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

முனிரத்தினம்