பதினொரு யோசனைகளும் ஜெமீலாவின் ஒன்றும்

2006 நவம்பர் 3

நெட் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் களத்தைப் பார்த்தேன். தம்பி மல்கம் புது விவாதத் திரி தொடங்கியிருக்கிறான். "நம் கருத்துக்களத்தை எப்படித் திருத்தலாம்? எந்த விதியை மாற்றலாம்? உறுப்பினர்கள் எழுதுங்கள்."

மெல்போர்னில் இருந்துகொண்டு அவன் நடத்துகிற செஸ் தளம். உலகம் முழுக்க எழுநூறு தமிழர் விளையாடுகிறார்கள். குதிரை எப்படிப் பாயும் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். அது தளத்தில் ஓர் இடத்திலும் இல்லை. இருக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். ஆனாலும் –

மத்தியானம் வரை இருந்து பதினொரு யோசனை எழுதினேன். புதியவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதை நிறுத்த வேண்டும். அரசியல் சண்டையை செஸ் பக்கத்தில் போடக்கூடாது. நடு ஆட்டத்தில் இன்டர்நெட் லைனை அறுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்குத் தோல்வி மட்டும் போதாது, ஒரு மாதம் தடை வேண்டும். இப்படிப் பதினொன்று. மூன்று பேர் ஃபோட்டோக் கொப்பிக்கு வந்தார்கள், "பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 5

இரண்டு பதில். ஒருவர் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறார். மற்றவர் என் எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறார்.

நவம்பர் 8

ஜெமீலாவும் தனித் திரி போட்டு எழுதியிருக்கிறாள்.

காத்தான்குடியில் வீட்டில் இருந்து தையல் தைக்கிறவள். கிழமையில் மூன்று நாள் பஸ் ஏறி, கல்லடிப் பாலத்து ஆமி செக்பொயின்ரில் இறங்கி நடந்து, திரும்ப ஏறி, என் கடைக்கு வந்து மூன்றாம் கொம்பியூட்டரில் விளையாடுவாள். களத்தில் சேர்த்துவிட்டதே நான். தமிழில் தட்டச்சு செய்யக் காட்டிக் கொடுத்ததும் நான்.

அவள் எழுதியது ஒரே ஒரு யோசனை.

"லைன் அறுந்தால் தோல்வி என்று எழுதாதீர்கள். ஆட்டத்தை இரண்டு நாள் அப்படியே வைத்திருங்கள். எங்கள் ஊரில் கரண்ட் போகும், செல் குண்டு அடித்தால் கடை பூட்டுவார்கள். ஓடிப்போனவரையும் எழும்பி ஓடவேண்டி வந்தவரையும் ஒன்றாக எண்ணாதீர்கள்."

என் நாலாவது யோசனைக்கு நேர் எதிர். நானும் இதே ஊரில்தானே இருக்கிறேன்? எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நவம்பர் 9

ஜெமீலாவின் யோசனைக்கு நாற்பத்து மூன்று பதில்.

நவம்பர் 12

மல்கம் ஃபோன் எடுத்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு. இங்கே நிலைமை எப்படி, வாகரைப் பக்கம் சண்டையாமே என்று கேட்டான். பிறகு, "கொன்னி, ஆர் அந்த ஜெமீலா? உண்ட கடையில இருந்துதானே எழுதுறா?"

"ஓம். தைக்கிற பிள்ளை."

"நல்லா யோசிக்கிறா. விதிக்குழுவுல மூணாவது ஆளா அவவைப் போடலாமெண்டு பாக்கிறம்."

விதிக்குழு. இரண்டு வருசமா அந்த மூன்றாவது இடம் காலியாகக் கிடக்குது. நான் கேட்கேல்ல. கேட்காமலே தருவான் எண்டு இருந்தன்.

"என்ட யோசனைகள் பாத்தியா?" எண்டன்.

"பாத்தன் பாத்தன். நீளமா இருந்திச்சு."

நீளமா இருந்திச்சாம்!

நவம்பர் 14

இன்று ஜெமீலா டொரொன்டோக்காரர் ஒருவரை வென்றாள். போன மாதம் என்னை இருபது நகர்வில் முடித்தவர் அவர். இவள் ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து நிமிடம் யோசித்தாள், தாடையில் ஊசி பிடிக்கிற விரலை வைத்துக்கொண்டு. வென்றதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, கண்டீங்களா?"

"கண்டன்" என்றேன். கணக்குப் புத்தகத்தில் ஏதோ எழுதுவது போல் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 15

ஒரு வேலை செய்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை. இங்கேயும் மறைத்தால் பிறகு எங்கே சொல்வது?

"வாவிக்கரை" என்று ஒரு புதுப் பெயரில் களத்தில் சேர்ந்து, களத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துனர்களுக்கு முறைப்பாடு அனுப்பினேன். "ஜெமீலா என்ற உறுப்பினர் பக்கத்தில் இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்து, செஸ் புரோகிராமிடம் கேட்டு விளையாடுகிறார். கண்ணால் கண்டேன்."

கண்ணால் கண்டேன். அந்த இரண்டு சொல்லும் தேவையில்லாமலே போட்டது. போட்டதும் ஒரு சுகம் வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 17

ஜெமீலாவின் பெயரை நிறுத்திவிட்டார்கள். களத்து விதி அதுதான்: முதலில் நிறுத்துவது, பிறகு விசாரிப்பது. அவள் யோசனைத் திரியையும் பூட்டியாயிற்று. இனி அதில் யாரும் பதில் எழுத முடியாது.

நவம்பர் 18

வந்தாள். மூன்றாம் கொம்பியூட்டரில் இருந்தாள்.

"அக்கா, இஞ்ச வாங்க. இதென்ன போட்டிருக்கு?"

போனேன். அவள் வாசிக்கத் தெரியாமல் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டாள்.

"புரோகிராம் வெச்சி விளையாடினனாம். அல்லாஹ்வே, எனக்கு அதை எப்பிடித் தொறக்கிறெண்டும் தெரியாதே. நீங்க பாத்துக்கொண்டுதானே இருக்கீங்க, நீங்க சொல்லுங்களன் அவங்களுக்கு."

"சொல்றன்" எண்டன். என்ட வாயால.

தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிக்கேல்ல.

நவம்பர் 21

லைன் இல்லை.

நவம்பர் 26

இன்னும் லைன் இல்லை. ஹர்த்தால் ஒரு நாள், பிறகு சுற்றிவளைப்பு ஒரு நாள். அரைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டுத் திரைகளுக்கு முன்னால் இருக்கிறேன். செல் அடிக்கிற ஒவ்வொரு தரமும் மொனிட்டர்கள் மேசையில் நடுங்குகின்றன. அவள் வரவில்லை. பாலம் பூட்டு என்றார்கள்.

அவளுக்கு ஏதும் நடந்தால்? கள்ளி என்ற பெயரோடே போய்விடுவாளே. அதை வைத்தது நான்.

டிசம்பர் 2

லைன் வந்தது. ஜெமீலாவும் வந்தாள், கையில் ஒரு தடித்த சீ.ஆர். நோட்டுக் கொப்பியோடு. அவளுடைய தையல் அளவுக் கொப்பி அது. முன்பக்கத்தில் இருந்து சனத்தின் சட்டை அளவுகள், பின்பக்கத்தில் இருந்து அவள் விளையாடிய ஆட்டங்கள். ஒவ்வொரு நகர்வையும் பென்சிலால் எழுதி, ஏன் அப்படிப் போட்டாள் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள்.

"இதை ஸ்கேன் பண்ணி அனுப்புவமா அக்கா? நான்தான் யோசிச்சனெண்டு அவங்களுக்கு விளங்கும். அளவுப் பக்கம் மட்டும் வேணாம். சனங்கட ஒடம்பு."

அறுபத்தேழு பக்கம். ஒவ்வொன்றாக நான்தான் ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து மூடத் தொடங்கினேன். அழித்து எழுதிய நகர்வுகள். "மடத்தனம்" என்று தன்னையே திட்டிய இடங்கள். பதினெட்டு ஆட்டம் பாதியில் நிற்கிறது, அடியில் ஒரே வசனம்: "லைன் போனது. தோல்வி என்று எழுதினார்கள்."

டொரொன்டோக்காரரின் ஆட்டமும் இருந்தது. பதினான்காவது நகர்வில் ராணியைக் கொடுத்துவிட்டு யானையைத் திறக்கிறாள். எனக்கு அது பத்து வருசம் விளையாடினாலும் தோன்றாது. புரோகிராமுக்கும் தோன்றுமோ தெரியாது.

ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"ஜெமீலா, அந்த முறைப்பாடு எழுதினது நான்."

அவ விளங்காமப் பார்த்தா.

"வாவிக்கரை நான்தான். பொறாமையில செஞ்சன். வேற ஒரு காரணமும் இல்ல."

அழுவா, ஏசுவா எண்டு நினைச்சன். கொப்பிய என்ட கையில இருந்து எடுத்தா. மூடினா. முந்தானையால துடைச்சா.

"என்னத்துக்கக்கா பொறாமை? கொம்பியூட்டர் அஞ்சும் ஒங்கட. மல்கம் அண்ணன் ஒங்கட தம்பி. எனக்கிட்ட இந்தக் கொப்பி மட்டுந்தானே இரிந்திச்சு."

போயிற்றா.

டிசம்பர் 3

நடந்ததை என் சொந்தப் பெயரில் களத்தில் எழுதினேன். எல்லோரும் வாசிக்கிற இடத்தில். சுருக்கமாக, ஐந்து வரி.

டிசம்பர் 5

ஜெமீலாவின் பெயரைத் திறந்துவிட்டார்கள். என்னை ஆறு மாதம் நிறுத்தியிருக்கிறார்கள். மல்கம் ஃபோனில் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"முறைப்பாடு உண்ட கடையில இருந்து வந்ததெண்டு அண்டைக்கே கண்டனான், கொன்னி. அந்தக் கடைக்கு எத்தினையோ பேர் வருவாங்கதானே. நீயா இருக்காதெண்டு நினைச்சன்."

டிசம்பர் 25

கிறிஸ்மஸ் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போய் வந்தேன். ஊரடங்கால் நடுச்சாமப் பூசையைப் பகலில் வைத்தார்கள். மல்கத்திடமிருந்து ஃபோன் இல்லை.

2007 ஜனவரி 19

ஜெமீலா வரவில்லை. காத்தான்குடியில் புதிதாகத் திறந்த கடைக்குப் போகிறாளாம். களத்தை நான் வாசிக்கலாம், எழுத முடியாது. அவளை விதிக்குழுவில் சேர்த்திருக்கிறார்கள். லைன் அறுந்தால் இரண்டு நாள் ஆட்டத்தை நிறுத்தி வைப்பது இனி விதி.

நேற்று உறுப்பினர் ஒருவர் அவளுக்கு நன்றி எழுதியிருந்தார். வன்னியில் இருந்து.

பெப்ரவரி 27

பதினொரு மணி போல் வாசலில் நிழல் விழுந்தது. ஜெமீலா.

"அங்க லைன் இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல். மூன்றாவதை விட்டுவிட்டு ஐந்தாவதில் போய் இருந்தாள். அரை மணித்தியாலம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் விட்டு விட்டு.

பிறகு, திரும்பாமலே: "ஆக்கள நிறுத்துற விதிய மாத்தணுமெண்டு குழுவுக்கு எழுதோணும். ரெண்டு நாளா எழுதுறன், வருகுதில்ல. நீங்க பதினொண்டு எழுதின ஆள்தானே."

எழும்பிப் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். சொன்னேன். அவள் தட்டினாள்.

"ஒருவரை நிறுத்துமுன் அவரிடம் கேளுங்கள். முறைப்பாடு செய்பவர் தன் சொந்தப் பெயரில் செய்யட்டும். பொய் என்று தெரிந்தால், அதையும் எல்லோரும் அறிய எழுதுங்கள்."

கடைசி வரியில் அவள் விரல்கள் நின்றன. "இதையும் போடவா?"

"போடு."

மார்ச் 9

அக்கரையில், படுவான்கரையில் இருந்து சண்டைக்குத் தப்பிச் சனம் வாவியைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. வெளிநாட்டில் உள்ள சொந்தங்களுக்குப் பேசக் கடை வாசலில் வரிசை நிற்கிறது. இரண்டு கொம்பியூட்டரை அதற்கென்று விட்டிருக்கிறேன்.

நடுவில் ஜெமீலா கூப்பிட்டாள். விதி மாறிவிட்டது. அறுபத்தொரு பதில். ஒவ்வொன்றாக எண்ணினேன். "நன்றி ஜெமீலா", "அருமை ஜெமீலா", "இப்படித்தான் எழுத வேண்டும்". மல்கமும் எழுதியிருக்கிறான்.

பழைய பொறாமை திரும்ப எழும்பிச்சு. இல்லையெண்டா பொய். என்ட வசனம், ஒவ்வொரு சொல்லும் என்ட வசனம்.

அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஒங்கட பேரைப் போடட்டா அக்கா? இப்பவே எழுதுறன்."

"வேணாம்" என்றேன். கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். "அந்த இருபதாவது பதிலைப் பார். நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவனுக்கு மறுமொழி எழுதோணும். தட்டு, நான் சொல்றன்."