மஞ்சள் தண்ணீர் உறைந்த கண்ணாடி

வில்லரே, மொன்றியல்
28.01.1996

அன்புள்ள மகள் வினோஜாவுக்கு,

எட்மன்டன் குளிரிலும் நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகமா என்பதை இதை வாசித்து முடித்து நீயே முடிவு செய். டெலிபோன் அம்மாவின் கட்டிலருகே இருப்பதால் இதை எழுதத்தான் முடியும். நீ முதல் கார் வாங்கியது சந்தோசம். அதன் முன்கண்ணாடியைக் கவனி, எங்களுடையது போய்விட்டது. போன வியாழன் மாக்கிரட் அக்காவின் கணவர் யோசெப் அண்ணையின் செத்தவீட்டுக்குப் போய்வந்தோம். இருதயச் சத்திரசிகிச்சையைப் பனி கரைந்த பிறகு பார்ப்போம் என்று ஒத்திப்போட்டவர், பனிக்கு முன்னரே போய்விட்டார். மறுநாள் காலை அம்மாவை அதே சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வீடு வந்ததும் அம்மா, செத்தவீட்டுத் துடக்கு என்று, காரில் கிடந்த, இரவில் கண்ணாடியை மூடும் பழைய போர்வையைத் தோய்க்கப் போட்டுவிட்டு, கார் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இந்தக் குளிரில் தண்ணீரா என்று கேட்டேன். துடக்குக்குக் குளிர் தெரியுமோ என்றாள். விடியக் கண்ணாடியில் மஞ்சள் நிறத்தில் பனிக்கட்டி. சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு மூலையில் தொடங்கிய வெடிப்பு, நான் பார்த்துக்கொண்டிருக்க, மறு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன் நான். சூட்டில் கண்ணாடி விரிவதைப் பரீட்சைக்குக் கேள்வியாகக் கொடுத்து, பிழையாக எழுதியவர்களுக்குப் பூச்சியமும் போட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிப் பையோடு படியில் நின்ற அம்மா திரும்பி உள்ளே போய்க் கோட்டைக் கழற்றிவிட்டாள். புறப்படும்போது கண்ணாடி வெடித்தால் கூடாதாம். டாக்சி வந்து, காத்திருந்து, போய்விட்டது. சகுனமில்லை, சுடுதண்ணீர்தான் காரணம் என்று விளக்கினேன். அவள் கேட்டாள்: "சுடுதண்ணி ஊத்தச் சொல்லி உங்கட புத்தியில ஆர் போட்டது?" இப்போது பனி கரையட்டும், பேந்து பாப்பம் என்கிறாள். யோசெப் அண்ணையின் அதே சொல். அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். இனித் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, வரும் மாசி பன்னிரண்டுக்குப் புதுத் திகதி தந்திருக்கிறார்.

ஆகவே கடிதம் கிடைத்ததும் அம்மாவோடு டெலிபோனில் கதை. நீ வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன காலை, ஏறிப்போன சிநேகிதியின் காரிலும் கண்ணாடி வெடித்தது, அன்றைக்குத்தான் வேலை கிடைத்தது என்று சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள், என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரவில் கண்ணாடியைக் காய்ந்த போர்வையால் மூடி, ஓரங்களைக் கதவுகளுக்குள் செருகிவிடு. ஈரப் போர்வை ஒட்டிக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி வை. காலையில் ஹீட்டரை மெதுவாகக் கூட்டு. சுடுதண்ணீரை உள்ளேயே வைத்துத் தேநீர் குடி.

நீ நீண்ட காலம் நல்லபடி வாழ வேண்டும். மாசி பன்னிரண்டை மறக்காதே. உன் கண்ணாடியை மட்டும் உண்மையாகவே வெடிக்க விடாதே, எங்களுக்குப் பொய் போதும்.

அன்புடன் அப்பா,
க. நகுலேஸ்வரன்