மௌன விரதம் என்று சொன்னது பொய்

திருவண்ணாமலை,
மாசி 2.

சௌபாக்கியவதி ஷிவானிக்கு அப்பா எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை சோமேஷுக்கும் வயிற்றில் இருக்கும் சின்னதற்கும் அநேக ஆசீர்வாதம். அங்கே குளிர் குறைந்ததா, கால் வீக்கம் வடிந்ததா. இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் அம்மா எட்டு வாரமாக அதையே உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் என் பங்குக்கு ஒரு பொய் சேர்க்க வேண்டாம் என்று பார்க்கிறேன். முக்கால் சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா தூங்கறார், அப்பா கோயிலுக்குப் போயிருக்கார், டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறாளே, அப்போதெல்லாம் நான் அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ஸப்பில் கும்பிடும் கையை மட்டும் அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்று சொன்னது நிஜம் ஷிவானி. ஆனால் எனக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பயப்படாதே, முழுக்கப் படி, படித்து முடிக்காமல் போனை எடுக்காதே.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். கண்புரைக்குக் கத்தி வைக்கும் முன் மார்பை எக்ஸ்ரே எடுத்தார்களே, அதில்தான் இடது நுரையீரலின் மேல் பாகத்தில் அந்தப் புள்ளி தெரிந்தது. பீடி சிகரெட்டைக் கையால் தொடாதவனுக்கு இது எப்படி வந்தது, நாற்பது வருஷம் கற்பூரமும் ஹோமப் புகையும் குடித்ததாலா என்று சென்னை டாக்டரைக் கேட்டேன், அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க, ஆனா ஆரம்பத்திலேயே பார்த்துட்டோம், மேல் பாகத்தை மட்டும் எடுத்துடலாம்னு சொன்னார். அதோடு விட்டாரா. மார்புக்கு நடுவில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே, அதே சாதிதான். நோய் இடம் பெயர்ந்தால் முதலில் அங்கேதான் போய்த் தங்குமாம். ஸ்கேனில் அதெல்லாம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்றேன். ஸ்கேனுக்குத் தெரியாததும் இருக்கும்ங்க, எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயம் என்றார். பிறகு, இடது பக்கம் குரலுக்குப் போகிற நரம்பு அந்த முடிச்சுகளை ஒட்டித்தான் வளைந்து போகிறது, சில பேருக்குக் குரல் அடைத்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு, நீங்க என்ன வேலை பார்க்கறீங்கன்னு கேட்டார். என் நெற்றியையும் குடுமியையும் பார்த்துவிட்டும் கேட்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. கெட்டதை எடுங்கள், நல்லா இருக்கிற அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிட்டேன். கார்த்திகை தீபம் முடியட்டும் என்று சாக்கும் கிடைத்தது. அப்புறம்தான் நீ போன் செய்து ஒரு மணி நேரம் சண்டை போட்டாய். அப்பா, ஒண்ணு விடாம எடுக்கச் சொல்லுங்கோ, குரல் வேணும்னா முதல்ல ஆள் இருக்கணும் என்று அழுதாய். மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். இப்போது தெரிகிறதா, உன்னிடம் ஏன் மறைத்தோம் என்று.

இனி ஊரில் நடந்த கூத்தைக் கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் பார்க்க வந்தார். நான் பேசாமல் தலையாட்டியதைப் பார்த்து என்ன ஆச்சு என்றார். அம்மா பயந்துபோய், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்கு அண்ணாமலையாருக்கு மௌன விரதம்னு வேண்டிண்டிருக்கார் என்று சொல்லிவிட்டாள். குரல் போனது தெரிந்தால் ஆனியில் கோயிலில் வரப்போகிற என் முறைப் பூஜையை அப்படியே உன் சித்தப்பா பிள்ளை சுந்தரேஷுக்கு எழுதிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். வேறு ஊரில் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்காது. இந்த ஊரில் மௌனம் என்றால் கேட்க வேண்டுமா, மறுநாளே நாலு பேர் வந்து காலில் விழுந்தார்கள். ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி தினமும் பத்து மணிக்கு வாழைப்பழத்தோடு வந்து என் எதிரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் அப்பா எத்தனை பெரிய வாயாடி என்று உனக்குத் தெரியும், என் நிலைமையை நினைத்துச் சிரித்துக்கொள். நிறுத்த வழி தெரியவில்லை. விரதம் எப்போது முடிகிறது என்று கேட்கிறார்கள், அம்மா மேலே கையைக் காட்டுகிறாள்.

சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் உள்ளே அடைத்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது. காலையில் கோயில் மைக்கில் சுந்தரேஷ் ருத்ரம் சொல்கிறான், நாலாவது அனுவாகத்தில் தினமும் ஒரே இடத்தில் தவறுகிறான், நான் இங்கே டம்ளரால் மேஜையைத் தட்டுகிறேன், அது யாருக்குக் கேட்கும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, மோவாயைத் தாழ்த்தி மெதுவாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குளிக்கும்போது யாருக்கும் தெரியாமல் பிரணவத்தை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் மூச்சு தீர்ந்துவிடுகிறது. மனசுக்குள் எல்லாம் முழுசாக ஓடுகிறது, வெளியேதான் வழியில்லை. நரம்பை அறுக்கவில்லை, முடிச்சுகளை உரித்து எடுக்கும்போது அது சோர்ந்துவிட்டது, ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும், திரும்பினாலும் திரும்பும், திரும்பாவிட்டால் தொண்டையில் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் காபி சூடாக இல்லை என்று அம்மா மேல் கோபப்பட்டேன், கத்த முடியாததால் அவள் பாட்டுக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். உன் மேலும் ஒரு பத்து நாள் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. பதினாலு முடிச்சு எடுத்திருக்கிறார்கள், பதிமூன்று சுத்தம். ஒன்றில் நோய் இருந்தது ஷிவானி, கடுகளவுகூட இல்லை, ஸ்கேனில் தெரிய வாய்ப்பே இல்லாத அளவு. எந்த முடிச்சு என்று சைகையிலேயே கேட்டேன். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நரம்பை ஒட்டி, நான் விட்டுவிடச் சொன்ன அதே இடம். நீ சண்டை போட்டிருக்காவிட்டால் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும், நானும் குணமாகிவிட்டது என்று கணீரென்று மந்திரம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அதனால்தான் இப்போது கீமோ. மொத்தம் நாலு தடவை, ஒன்று முடிந்தது. அன்றைக்குப் பார்த்து பௌர்ணமி, திரும்பி வரும்போது கிரிவலக் கூட்டத்தில் காரை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே மறித்துவிட்டார்கள், வாந்தியை அடக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உள்ளேயே கிடந்தோம். பங்குனியில் உன்னிடம் வர வேண்டிய அம்மா, என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். ஆக அவளும் என்னோடு மாட்டிக்கொண்டாள், அதுதான் எனக்குப் பெரிய குறை. உன் மாமியாரை முன்கூட்டியே வரச் சொல். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதினேன், இனி சுந்தரேஷையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். நீதான் என் குரலைப் போக்கினாய் என்று ஒரு நாளும் நினைக்காதே. இது என் ஆணை.

பெயர் வைக்கிற அன்று வீடியோவில் தாத்தாதான் மந்திரம் சொல்லணும் என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மூன்று நாள் யோசித்தேன். மந்திரத்தை அங்கே இருக்கிற குருக்கள் சொல்லட்டும், புண்யாகவாசனச் சடங்கை அவர் நடத்தட்டும். காதில் பெயர் சொல்வதை மட்டும் எனக்கென்று நிறுத்தி வை. குழந்தைக்கு ஆறு மாசமோ எட்டு மாசமோ, நீ எப்போது தூக்கிக்கொண்டு வருகிறாயோ அப்போது வலது காதில் மூன்று தடவை நான் சொல்கிறேன். அதற்குக் கணீர்க் குரல் எதற்கு. நேற்று மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் காதில் வாயை வைத்து, பாகம்பிரியாள் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். முழுப் பெயரும் நன்னா கேட்டுது என்றாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளை வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம், அதற்கும் சேர்த்து அழுதாள்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதே, ஈரத் தரையில் பார்த்து நட. தீர்க்க சுமங்கலியாக, சுகப்பிரசவமாகி, மடி நிறைந்து இருக்க அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் துணை. இதைப் படித்ததும் போன் செய். இந்தத் தடவை நானே எடுப்பேன். பதில் வராது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், கட் பண்ணிவிடாமல் பேசு.

இப்படிக்கு, உன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கும் அப்பா,
சாம்பமூர்த்தி.