கிறகோரி அண்ணையின்ரை பிறிட்ஜ்

1992 செப்ரெம்பர் 14

கணக்குச் சோதனைத் தாள் தந்தார்கள். எனக்கு முட்டை. நல்ல பெரிய முட்டை, ரீச்சர் சிவப்பு மையால் இட்டது. வீட்டில் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டு மடித்துத் தந்தார். ஏசக்கூட நேரமில்லை. தம்பியின்ரை மருந்தை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது இந்த வீட்டுக்கு ஒரே சோதனை.

வாகீசனுக்கு ஒன்பது வயது. போன மாதம் முழுக்கத் தண்ணீர் தண்ணீரென்று குடித்தான். குடிக்கக் குடிக்க வாடினான். ஆசுப்பத்திரியில் சலரோகம் என்றார்கள். பொருளாதாரத் தடையால் கடையில் சீனி இல்லை, கரவெட்டி முழுக்கப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்குது, இவன் உடம்பில் மட்டும் சீனி மூட்டை மூட்டையாய். "எங்கையடா பதுக்கி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன். சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி. டொக்டர் குப்பிகளைத் தந்து, "குளிரா வைச்சிருங்கோ, சூடு பட்டா மருந்து செத்துப்போம்" என்றாராம். கறண்ட் போய் இரண்டு வருசம் தாண்டிவிட்டது. குளிரை நாங்கள் எங்கே போய் வாங்க?

செப்ரெம்பர் 17

கிறகோரி அண்ணை மயிலிட்டித் துறைமுகத்தடியில் சோடாக் கடை வைத்திருந்தவர். தொண்ணூறில் சண்டையால் இடம்பெயர்ந்தபோது ஊர்ச்சனம் கட்டிலும் அலுமாரியும் ஏற்ற, இவர் ட்ரக்டர் பெட்டியில் சோடா குளிரவைக்கிற தன்ரை மண்ணெண்ணெய் பிறிட்ஜை ஏற்றிக்கொண்டு வந்தவர். இப்போது எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு கொட்டிலில் இருக்கிறார். எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் பிறிட்ஜ் எலி புகாத பாண் பெட்டியாக நின்றது.

அப்பா இழுத்து இழுத்துக் கேட்க, "உதென்ன கதை அண்ணை, பிள்ளையின்ரை மருந்துக்கெண்டா இப்பவே தூக்குங்கோ" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் மணக்கும். கடைசியா வைச்சது விளைமீன்."

அம்மா தேசிக்காய் போட்டுத் தேய்த்தா, பிறகு மஞ்சள் தண்ணீர். விறாந்தையில் நிற்பாட்டினோம். அடியில் விளக்கு எரிய உள்ளே குளிருமாம். "எரிஞ்சு எரிஞ்சு மற்றவையைக் குளிரப் பண்ணுறது. அம்மா மாதிரி" என்றேன். புகழ்ந்ததற்கும் அகப்பைக் காம்பால் அடிக்கிற வீடு இது ஒன்றுதான்.

செப்ரெம்பர் 18

குளிருது! ஒரு பேணித் தண்ணீர் வைத்துக் குடித்தேன். பல்லுக் கூசியது. மறந்தே போயிருந்தேன், பல்லுக்கு அப்படியொரு வேலையும் இருக்கு என்று.

செப்ரெம்பர் 27

எண்ணெய் முடியுது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க அப்பா வைத்திருந்ததையும் ஊற்றியாச்சு. வெங்காயம் வாடினால் பரவாயில்லை என்கிறார். பரவாயில்லை என்கிற முகமில்லை.

பின்னேரம் பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா வந்தா. ஒரு கையில் முட்டைப் பெட்டி, மற்றக் கையில் அரைப் போத்தல் மண்ணெண்ணெய்.

"குணலட்சுமி, இந்த வெக்கைக்கு முட்டையெல்லாம் கூழாப் போகுது. ஒரு மூலையிலை வைக்கட்டே? சும்மா இல்லை, இந்தா."

அம்மா முட்டையைப் பார்க்கவில்லை. போத்தலைத்தான் பார்த்தா.

"ஓம் அக்கா. வையுங்கோ."

ஒக்ரோபர் 5

இப்போது எங்கள் விறாந்தை ஒரு சந்தை. ஒருவர் பால் வைக்கிறார், ஒருவர் தயிர், ஒருவர் நேற்றைய சம்பல். கிறகோரி அண்ணை ஒரு சூடை மீன் பொட்டலத்தோடு வந்து, "என்ரை பிறிட்ஜிலை எனக்கும் ஒரு இடம் கிடைக்குமே தங்கச்சி?" என்று என்னிடம் கேட்கிறார். எல்லாரும் எண்ணெய் கொண்டுதான் வருகினம். குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் கதவைத் திறக்கினம். வைக்கத் திறக்கினம், எடுக்கத் திறக்கினம், இருக்குதோ என்று பார்க்கத் திறக்கினம். அம்மா உள்ளே கையை விட்டுப் பார்த்தா. குளிரே இல்லை.

"பூட்டி வைப்பம்" என்றேன்.

"பூட்டினா எண்ணெய் வராது. எண்ணெய் வராட்டி விளக்கு நூந்துபோம்" என்றார் அப்பா. "திறந்தா விளக்கு எரியும், குளிர் இராது." சொல்லிவிட்டுத் தானே சொன்னதைத் திருப்பி யோசித்துக்கொண்டு நின்றார்.

"முட்டையாவது வேண்டாமெண்டு சொல்லலாமே! கோழி என்ன பிறிட்ஜுக்குள்ளை இருந்தே முட்டை போடுது? இவ்வளவு காலமும் அரிசிப் பானைக்குள்ளைதானே கிடந்தது?"

"அதை அவவிட்டைச் சொல்லிப்போடாதை" என்றா அம்மா. "அரிசிப் பானைக்கு ஆர் எண்ணெய் தருவினம்?"

அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் "வையுங்கோ" என்கிறா.

ஒக்ரோபர் 9

இரத்தினம்மா அக்காவின்ரை முட்டைகளுக்குக் கரியால் மீசை வைத்தேன். ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடியும்.

"எடியே கௌசி! என்ரை முட்டைக்கு மீசை வைச்சவள் ஆரடி?"

"வயசுக்கு வந்திட்டுது அக்கா. சேவலாக்கும்."

அவ கலைக்க நான் ஓட, வாகீசன் விழுந்து விழுந்து சிரித்தான். ஊசி போட்ட தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குக் காலையில் ஊசி போடுகிறது அம்மா. கையைப் பிடித்துப் பகிடி விடுகிறது நான். இந்த வீட்டில் எனக்குத் தந்திருக்கிற ஒரே உத்தியோகம்.

ஒக்ரோபர் 16

வெள்ளிக்கிழமை. மச்சம் மாமிசம் புழங்காத நாள். ஆகையால் வெளியாட்கள் அவ்வளவாய்த் திறக்கவில்லை. பின்னேரம் நல்ல குளிர். கிழமையில் ஏழு நாளும் வெள்ளிக்கிழமையாய் இருந்தால் என்ன என்றேன். "பள்ளிக்கூடம் இருக்குமே" என்றான் வாகி. கெட்டிக்காரன்.

ஒக்ரோபர் 25

நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குது. ஆறு நாளும் அம்மா விரதம், வாகிக்காக நேர்த்தி. ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேரும் விரதம். பாலும் தயிரும் மீனும் எடுத்தாச்சு. இரத்தினம்மா அக்காவின்ரை முட்டைகள் மட்டும் கீழ்த்தட்டில். "நான் விரதம் முடியத்தான் எடுப்பன், உங்கை கிடக்கட்டும்" என்று முழுப் போத்தல் எண்ணெய் தந்துவிட்டா. முழுப் போத்தல்! ஆர் வேண்டாமென்பது?

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. விரத நாளில் பிள்ளையின்ரை மருந்து முட்டையோடு ஒரே தட்டிலா? மேலே ஐஸ் கட்டுகிற சின்ன அறையை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, துப்பரவான சீலைத்துண்டு விரித்து, எல்லாக் குப்பியையும் அங்கே அடுக்கினா. மேலே கொஞ்சம் திருநீறு.

"மருந்துக்கு மேல்மாடி கிடைச்சிருக்கு" என்றேன். முதல் தடவையாக அம்மா சிரித்தா.

ஒக்ரோபர் 28

பனி பிடித்திருக்கு! உண்மையான பனி! நாட்கணக்காய் எங்களைத் தவிர ஒருவரும் கதவு திறக்காததால் மேலறை முழுக்க வெள்ளை. வாகி விரலால் வழித்து நக்கினான். குப்பிகள் கல்லாய் இருந்தன. அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தி, வாயால் ஊதி ஊதி உருக்கினா.

"டொக்டர் குளிரைத்தான் கேட்டவர். முருகன் பனியே தந்திட்டார்" என்றா.

அப்பா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்றைக்கு இந்த வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம்.

ஒக்ரோபர் 31

சூரன் போர் பார்க்க வாகி வரவில்லை. களைப்பாம். செம்பு செம்பாய்த் தண்ணீர் குடிக்கிறான். ஊசி ஒழுங்காய்த்தானே போடுறம்?

நவம்பர் 1

சத்தி. குடித்த தண்ணீரும் வெளியே வருது. அம்மா ஊசி மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டா.

நவம்பர் 2

எழும்புறானில்லை. கன்னத்தைத் தட்டினன். எனக்குத் தெரிஞ்ச பகிடி எல்லாம் சொன்னன், மீசை முட்டைக் கதையும் சொன்னன், கண்ணைத் திறக்கிறானில்லை. மூச்சு பழுத்த பழம் மாதிரி மணக்குது. இழுத்து இழுத்து விடுறான். கிறகோரி அண்ணை ட்ரக்டர் பிடிக்க ஓடிப்போட்டார். ஹெலி வேறை சுத்துது. வாகி, நான் பகிடி விடேல்லையடா, எழும்படா

நவம்பர் 4

உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதவேண்டும். கண் திறந்து என்னைப் பார்த்து, "நீ ஏன் அழுதனி, வடிவில்லை" என்றான்.

டொக்டர் குப்பிகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் மா மாதிரித் திட்டுத் திட்டாய்.

"இதை ஐசிலை வைச்சனீங்களோ?"

அம்மா ஓம் என்று தலையாட்டினா.

"உறைஞ்சா இந்த மருந்து முடிஞ்சுது அம்மா. உருகினாலும் வேலை செய்யாது. பச்சைத்தண்ணி போட்ட மாதிரித்தான். இதுக்கு ஈரமண்ணுக்குள்ளை பானையைத் தாட்டு வைச்சிருந்தாலே போதும்."

அவர் கோபமாய்ச் சொல்லவில்லை. கோபமாய்ச் சொல்லியிருக்கலாம். அம்மா தன்ரை இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றா.

 

நவம்பர் 7

எங்கள் குப்பிகள் எல்லாம் பழுது. ஆசுப்பத்திரியில் மிச்சம் இருக்கிறதும் கொஞ்சம். அடுத்த மருந்துக் கப்பல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. "வவுனியாவுக்குக் கொண்டு போறதுதான் புத்தி" என்றார் டொக்டர். அதென்றால் கிளாலிக் கடல். இருட்டில் வள்ளம். போன கிழமையும் நேவிக்காரர் சுட்டவங்கள்.

வெளியே போக அப்பா நோயாளிப் பாசுக்கு அலைகிறார். இருவருக்குத்தான் கிடைக்கும்.

நவம்பர் 15

அம்மாவும் வாகியும் போயிட்டினம்.

ஆசுப்பத்திரி கடைசியாகத் தந்த ஒரு குப்பியை ஈரத்துணியில் சுற்றி, சின்ன மண்முட்டிக்குள் வைத்து, அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டா. வாகி என்னிடம், "வள்ளத்திலை ஊசி போடேக்கை ஆர் பகிடி விடுறது?" என்று கேட்டான். "மீனைக் கேள்" என்றேன். நல்ல பகிடி இல்லை. வேறொன்றும் வரவில்லை.

நவம்பர் 22

ஒரு செய்தியும் இல்லை.

இரத்தினம்மா அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து வாசலில் நின்றா. "முட்டை கொண்டுவரேல்லை, பிள்ளை. எண்ணெய் மட்டும்தான்." பிறிட்ஜை நூத்துப்போட்டம் அக்கா என்றேன். போத்தலை வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தா. அவவுக்கும் தன்ரை முட்டையால்தான் என்று ஒரு எண்ணம். அப்பாவுக்குத் தான் ஊற்றின வெங்காயத்து எண்ணெயால் என்று. ஆளுக்கொன்று வைத்திருக்கினம்.

நவம்பர் 24

இன்றைக்கும் இல்லை.

டிசெம்பர் 6

கிளாலியால் வந்த வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்தார். வவுனியாவில் இருவரையும் கண்டவராம். சுகமாம். வாகி கன்னம் வைத்திருக்கிறானாம். தெரிந்த ஆட்கள் வீட்டில் அறை, அங்கே கறண்ட் இருக்கு, மருந்துக் கடையில் மருந்து இருக்கு. அப்பா அவரைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, திரும்பத் திரும்ப அதையே சொல்லுவித்தார்.

எழும்பிப் போகும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். "கறண்ட் வந்தாப் பிறகு வாறமெண்டு சொல்லச் சொன்னவ."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்பா, "ஓம், அதுதான் சரி" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் வீடு முழுக்க ஒவ்வொரு அறையாய்ப் போய் லைற் சுவிச்சுகளைத் தட்டி வைத்தேன். கறண்ட் வந்தால் எங்களுக்கு உடனே தெரியவேண்டுமே. எல்லாவற்றிலும் தூசி. கடைசியாகக் குசினி.

குசினிச் சுவிச்சு ஏற்கனவே போட்டிருந்தது. அதன்மேல் தோட்டத்து மண், ஒரு பெருவிரல் பதிந்த அளவுக்கு.