போன் நம்பர் கேட்காத அந்தோணியார்

சுங்குவார்சத்திரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் நிலவனுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் அறைக்குள்ளும் வரட்டும். அடுத்ததாக, நான் நலம் என்று எழுத வேண்டும். அந்த வரியை உன் பதில் வந்த பிறகு எழுதிக்கொள்கிறேன்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் இதை உன் அறைத்தோழன் ஸ்ரீதர் கையில் கொடுத்து பெங்களூருக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்டலத்தில் தன் வீட்டுக்கு வந்தவன் இங்கேயும் வந்தான். காப்பியைத் தொடாமல், "ஆன்ட்டி, அவன் ஆபீஸ் பக்கமே வர்றதில்ல. கதவத் தட்டினா 'இருக்கேன், போடா'ங்கறான். வாங்கி வச்ச சோறு காலைல அப்படியே இருக்குது" என்றான். நான் அவனுக்கு முன்னால் அழவில்லை. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்றும் நான் பிறர் முன்னால் அழவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நடந்ததை நீ உன் தலைக்குள் எப்படியெல்லாம் ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடியே நான் எழுதுகிறேன். திருத்தம் இருந்தால் பதிலில் எழுது.

நம் பங்குக் கோயிலுக்கு நீ செய்து கொடுத்த வலைத்தளத்தில் இரண்டு பெட்டிகள் வைத்தாய். ஒன்று ஊர்க்குறைக்கு. தண்ணீர், தெருவிளக்கு, பஸ் என்று எழுதினால் பஞ்சாயத்துக்குப் போகும். இன்னொன்று நம் கோயில் புனிதர் அந்தோணியாருக்கு. அதில் எழுதும் மன்றாட்டுகள் செவ்வாய்தோறும் நடக்கும் நவநாள் செபத்தில் வாசிக்க, தானாகவே அச்சாகி வரும். முன்பெல்லாம் கோயில் உபதேசியார் கொம்பையா சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, வாசிக்கத் தகாததை எடுத்து வைப்பார். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஆள் எதற்கு, அரசாங்கத்துக்கும் குடிமகனுக்கும் நடுவில் ஆள் எதற்கு என்று உன் வலைப்பக்கத்தில் நீ எழுதினாய். நல்ல தமிழில்தான் எழுதினாய். எனக்கு உடன்பாடில்லை என்று அன்றே சொன்னேன்.

அந்தச் செவ்வாய் பாட்டுக்குழுப் பெண் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தாள். "அந்தோணியாரே, எங்க ஹாஸ்டல் டேங்குல புழு கெடக்கு. பிள்ளைகளுக்கு வயித்தால போகுது. மோகன் சார் மனச மாத்தும். இப்படிக்கு மாரிசெல்வி, மூணாவது மாடி." முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள். மோகன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் மாரிசெல்வியின் துணிப்பெட்டி ரோட்டில் கிடந்தது. ஹாஸ்டலும் அவருடையது, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டும் அவருடையது. ஒரே நாளில் படுக்கையும் வேலையும் போயின.

அன்றிரவு நீ ஒன்றும் சாப்பிடாமல் பெங்களூர் பஸ் ஏறினாய். அதன் பிறகு உன் வலைப்பக்கத்தில் எழுதியது ஒன்றே ஒன்று. "நான் கட்டிய ஒவ்வொன்றும் யாரையாவது காயப்படுத்துகிறது. இனி நான் இல்லாமலே எல்லாம் ஓடும்." நீ எழுதும் எதையும் சிவப்பு மை இல்லாமல் நான் படித்ததில்லை. இந்த வரியில் என் கை ஓடவில்லை, நிலவா. மாரிசெல்வியை வாசித்துக் காட்டச் சொன்னேன். அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

ஆம், அவள் இங்கேதான் இருக்கிறாள். உன் அறையில். மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகத்தான் இருக்கிறது; கஞ்சி இறங்குகிறது. ஊர்க்குறைப் பெட்டியில் எழுதாமல் அந்தோணியாருக்கு ஏன் எழுதினாய் என்று கேட்டேன். "அதுல போன் நம்பர் கேக்கு, ஓடிபி கேக்கு பெரியம்மா. யாருன்னு தெரிஞ்சிரும்லா? அந்தோணியாரு ஒண்ணும் கேக்கல" என்றாள். பிறகு எதற்கடி பெயரும் மாடியும் போட்டாய் என்றேன். "பேரு போடலைன்னா எந்த மாரிசெல்வின்னு சாமிக்கு எப்படித் தெரியும்? எங்க ஹாஸ்டல்லயே மூணு பேரு இருக்கோம்லா" என்கிறாள். உன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை நான் சொன்னால் நம்பமாட்டாய் என்று அவளே கீழே ஒரு வரி எழுதுகிறாள்.

மோகன் வீட்டுக்கே வந்தார். "இன்னா மேடம், சாமி பேர சொல்லி என் மானத்த வாங்கிட்டீங்களே, உங்க புள்ள கம்ப்யூட்டர் பட்ச்சது இதுக்குத்தானா?" என்று வாசலிலேயே கத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பேசச் சொன்னேன். வரவில்லை. டேங்கைக் கழுவியதாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் அதே தண்ணீர். பூமாரி என்ற பெண்ணை நேற்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் கிராம சபைக்குப் போய் எழுந்து நின்று பேசினேன். "ஒரு பொண்ணு சொன்னா போதுமா மேடம்? இன்னும் யார் யார் சொன்னாங்க, எழுத்துல கொண்டாங்க" என்றார்கள். பெண்களோ கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள்.

ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்கிறாள் மாரிசெல்வி, நிலவா. அந்தோணியாருக்கு. பங்குச் சாமியார் அச்செடுப்பதையும் நவநாளில் வாசிப்பதையும் நிறுத்திவிட்டார். உன் பெட்டி நிற்கவில்லை. அதைத் திறக்கும் கடவுச்சொல் உன் ஒருவனிடம் மட்டும் இருக்கிறது. நீ இல்லாமல் எல்லாம் ஓடும் என்று எழுதினாயே, ஓடவில்லை.

அதை எனக்குத் திறந்து கொடு. ஒவ்வொன்றையும் நான் படிப்பேன். பெயரையும் மாடியையும் என் கையால் எடுத்துவிட்டு, நானே படியெழுதி, என் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் உட்காருகிறேன். என்னை ஹாஸ்டலைவிட்டு யாரும் துரத்த முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரிசெல்வி எனக்குப் போனில் எழுதப் பழக்கியிருக்கிறாள். நீ போனை எடுக்காததால் நானும் அந்தப் பெட்டியில்தான் எழுதுகிறேன், தினமும். அனுப்பியதும் பச்சை எழுத்தில் வருகிறது: "உங்கள் மன்றாட்டு கிடைத்தது. நம்பிக்கையோடு இருங்கள்." நீ எழுதி வைத்த வரி. முதல் நாள் நீதான் பதில் அனுப்பினாய் என்று நினைத்து, ஸ்தோத்திரம் சொல்லி விளக்கேற்றினேன். மறுநாளும் அதே வரி வந்தபோதுதான் புரிந்தது.

ஒரு கடிதம் கைக்கு வந்தால் பதில் எழுதாமல் தூங்கக் கூடாது என்று கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் சொல்லுவார். நான் அதை உனக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். நான் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேனப்பா. விளக்கமான பதில் வேண்டாம். "கிடைத்தது" என்று உன் கையால் எழுதி ஸ்ரீதரிடம் கொடு. அந்தப் பச்சை எழுத்து எனக்கு வேண்டாம். இதைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு அவன் வெளியில் நின்றுகொண்டிருக்கிறான், கதவைத் திற.

அந்தோணியார் உன்னைத் தனியே விடாமல் காக்கட்டும்.

பதிலுக்கு விழித்திருக்கும்,
உன் அம்மா.

அண்ணா, காணாமப் போனத அந்தோணியாரு தேடிக் குடுப்பாருன்னு பெரியம்மா சொன்னாவ. ஒங்கள தேடித் தரச் சொல்லி பெட்டில எழுதிப் போட்டிருக்கேன். தொறந்து பாருங்க. இந்தத் தடவையும் பேரு போட்டிருக்கேன். — மாரிசெல்வி