எனக்கு எதிராக ஒரு சாட்சி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா முழங்கால் நீங்கலாக நலம், அந்த முழங்காலுக்கும் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே முடித்துவிடுவாய், நானும் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் எழுதி, அம்மாவை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இரண்டு முறை படி.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடித் தொட்டி இரண்டு மணி நேரம் வழிந்து, லிஃப்ட் இயங்கும் அறைக்குள் தண்ணீர் புகுந்து, லிஃப்ட் நான்கு நாள் நின்றுவிட்டது. சித்தி வீட்டிலிருந்து மறுநாள் திரும்பிய உன் அம்மா பெட்டியோடு நாலு மாடி ஏறினாள். மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தது யார் என்று விசாரிக்கக் குடியிருப்போர் சங்கம் மூன்று பேரை நியமித்தது, தலைமை நான். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும், கத்திக்கும் செருப்புக்கும் சான்று எண் ஒட்டியதும் தவிர நான் கிழித்தது ஒன்றுமில்லை, ஆனாலும் இந்தக் கட்டடத்தில் எனக்கு ஜட்ஜ் ஐயா என்று பெயர். ஒரு நாளாவது நான் மறுத்திருக்கிறேனா என்று கேள். இல்லை. விசாரணையன்று இஸ்திரி போட்ட சட்டை வேறு.

மற்ற இரண்டு பேருக்கும் வகுப்பே எடுத்தேன். குற்ற வழக்கென்றால் நியாயமான சந்தேகம் துளியும் மிஞ்சாதபடி நிரூபிக்க வேண்டும், ஒருவருடைய சுதந்திரமே போகிற விஷயம், சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். சிவில் வழக்கில் அவ்வளவு வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்போ அந்தப் பக்கம் தராசு மயிரிழை சாய்ந்தால் போதும். இது நம் வீட்டு விவகாரம், தராசு போதும் என்றேன். மோட்டார் ஸ்விட்ச் வாட்ச்மேன் அறை வாசலில் இருக்கிறது, போடுவதும் அணைப்பதும் அவர் வேலை, சாய்ந்துவிட்டது தராசு. அவர் நான் போடல சார் என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன், என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இல்ல சார் என்றார். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். மாதக் கடைசிக்குள் அவர் வேலையையும் அந்த ஒற்றை அறையையும் விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பு. அந்த அறையில்தான் அவர் மனைவியும் பத்தாவது படிக்கும் பெண்ணும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் தீர்ப்பை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, நான் இல்லாத ஞாயித்துக்கிழமைல நீங்க மூணு மணிக்குத்தானே குளிப்பீங்க, அன்னைக்குத் தண்ணி வந்துச்சா என்று கேட்டாள். பாதியில் நின்றது, அப்புறம் வந்தது என்றேன். எப்படி வந்துச்சு என்றாள். அவ்வளவுதான். எத்தனையோ வக்கீல்களின் குறுக்கு விசாரணையைக் கேட்டவன் நான், இரண்டே கேள்வியில் ஆள் கவிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன். தலையில் சோப்போடு, இடுப்பில் துண்டோடு கீழே ஓடி மோட்டாரைப் போட்டது நான்தான். மேலே வந்ததும் உன் போன். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டாய், ஒரு மணி நேரம் பேசினோம், மோட்டார் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிற்று.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் சொல்லவில்லை. என்னை யார் பார்த்தார்கள், மாடிப்படிக் கேமரா எட்டு மாதமாக வேலை செய்யவில்லை, நான் போட்டதை யாராவது அணைத்து, மறுபடி வாட்ச்மேனே போட்டிருக்கலாமே என்றெல்லாம் எனக்காக நானே வாதாடினேன். சந்தேகத்தின் பலன் முழுவதையும் எனக்கே கொடுத்துக்கொண்டேன். அவருக்கு மயிரிழை போதும் என்றவன், எனக்கென்று வந்ததும் மலையளவு ஆதாரம் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது மகளே.

மூன்றாம் நாள் அவர் அறைக்குப் போனேன். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வாட்ச்மேன், தெரியும் சார், நீங்க துண்டோட வந்தத கேட்லேந்து பாத்தேன், நீங்களே அணைச்சிடுவீங்கன்னு இருந்துட்டேன் என்றார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். விசாரிச்சதே நீங்கதானே சார், யார்கிட்ட சொல்றது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நேரே சங்கச் செயலாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நம்பவில்லை. இரக்கப்பட்டுப் பழிய உங்க மேல போட்டுக்கறீங்க, உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா, வாட்ச்மேன் அப்படித்தான் சொல்வாரு, உங்க வீட்டம்மா அன்னைக்கு இங்க இல்ல, ஆதாரம் இருந்தா கொண்டாங்க என்கிறார். இஸ்திரிச் சட்டை செய்த வேலை. என் குற்றத்தை நானே சொன்னாலும் எடுபடவில்லை.

ஆகவே மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நீதான். நீ முதலில் கூப்பிட்டபோது, தலையில சோப்பு, இப்பத்தான் மோட்டார் போட்டுட்டு வரேன், அப்புறம் கூப்பிடு என்று சொன்னேனே, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, உன் போனில் அந்த அழைப்பின் நேரம் தெரியும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மறதி என்று எதுவும் சேர்க்காதே, கேட்டதை மட்டும் எழுது. ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சங்கக் கூட்டம். அங்கே அப்போது விடிந்திருக்காது, சனிக்கிழமையே அனுப்பிவிடு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டும் விடுதலையாகி நிற்கும்
உன் அப்பா